விழாத கோட்டைக்கு ஒரு மறுப்பு

பார்க்கிங், லண்டன்
12.10.2009

மதிப்புக்குரிய ஆசிரியர் பாஸ்கரன் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்க அம்பாள் துணை நிற்பாளாக. எங்கள் வீட்டில் ஒருவரும் நலமாக இல்லை. அதற்குக் காரணம் உங்கள் பத்திரிகை.

இங்கிலாந்தின் தென்கரையில், கடலைப் பார்த்தபடி மலையுச்சியில் நிற்கும் பழைய கோட்டையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். "எண்ணூறு ஆண்டுகளாக எந்தப் பகைவனிடமும் விழாத கோட்டை, குடும்பத்தோடு காண உகந்தது" என்று. அதை நம்பித்தான் என் மகள் கோசிகாவைப் பெண் பார்க்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். வழக்கமாகக் கோயிலில்தானே பார்ப்பது. தற்செயலாகச் சந்தித்ததுபோல இரண்டு பக்கமும் நடிக்கலாம், சரிவராவிட்டால் ஒருவருக்கும் வெட்கமில்லை. கோயிலென்றால் ஊரெல்லாம் கதை பரவும் என்று ஹவுன்ஸ்லோ மாப்பிள்ளை வீட்டார் தயங்கியதால் கோட்டை. போய்ப் பாத்தால் கூரையுமில்லை, கதவுமில்லை, மலை ஏறி என்ரை முழங்கால் போச்சு, காத்து என்ரை மனுசியின்ரை பட்டுச்சீலையைக் கொடி மாதிரித் தூக்குது, அங்கை நிக்கிறது ரெண்டு வெள்ளைக்காரரும் ஒரு நாயும்தான், அதுக்குள்ளை பட்டுடுத்த ரெண்டு தமிழ்க் குடும்பம் "நீங்களும் இஞ்சையோ?" "ஓம், சும்மா இந்தப் பக்கம் வந்தனாங்கள்" எண்டு கதைச்சால் அந்த நாய்கூட நம்பாது.

அதையாவது விடுவம். மாப்பிள்ளை லதீசனின் தகப்பன் பேரின்பநாதன் உங்கள் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, விழாத கோட்டையின் பெருமையை உரத்து வாசிக்கத் தொடங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. கோசிகா வாசலிலை இருந்த பலகையை வாசிச்சுப்போட்டு, "அங்கிள், இது ரெண்டு தரம் விழுந்ததாம். ரெண்டாம் தரம் கிணறு வத்தி, உள்ளுக்கை இருந்தவையே கதவைத் திறந்து விட்டவையாம்" எண்டாள். "அப்ப பத்திரிகை பொய்யோ, நான் பொய்யோ?" எண்டு அந்த மனுசன் கேக்க, பிள்ளை மரியாதையாய்த்தான் சொன்னாள்: "ரெண்டு பேரும் பிழை, அங்கிள்." அவர் விறுவிறெண்டு மலை இறங்கினார். லதீசன் பின்னாலை ஓடினார். லதீசன்ரை தாய் நகுலேஸ்வரி கல்லிலை இருந்து கடலைப் பாத்துக்கொண்டு இருந்தா. கொண்டுபோன வடைப் பெட்டியும் திறக்கேல்லை.

கிணறு வத்தினதை எழுத உங்களுக்கு என்ன கையோ வலிச்சது? வயசு ஏறிக்கொண்டு போற பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் நான் எங்கை தேடுவன்? அடுத்த இதழில், முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், கோட்டை விழுந்தது என்று திருத்தம் போடவேண்டும். போடாவிட்டால் உங்கள் அலுவலக வாசலில் வந்து இருப்பேன்.

உங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்காவது எல்லாம் நல்லபடி அமைய வாழ்த்தி முடிக்கிறேன்.

இங்ஙனம்,
சி. கனகலிங்கம்

பி.கு.: கடிதத்தை உறையில் போடமுன் நகுலேஸ்வரி போன் எடுத்தவ. "கலியாணம் கட்டின நாளிலை இருந்து அவர் பிழையாய்ச் சொல்லச் சொல்ல நான் வாய் திறக்கேல்லை அண்ணை. உங்கடை பிள்ளை ஒரு நிமிசத்திலை சொல்லிப்போட்டாள். லதீசனுக்கும் அவளைத்தான் பிடிச்சிருக்கு. இவரை நான் பாக்கிறன், தையிலை வைப்பம்" எண்டா. திருத்தம் கேட்டு எழுதினதைச் சொன்னன், அதை மட்டும் விடச்சொல்லிக் கேட்டவ. வன்னியிலை சண்டை முடிஞ்ச இந்த மே மாதத்துக்குப் பிறகு அந்த மனுசன் சிரிச்சது உங்கடை பக்கத்தை வாசிக்கேக்கை மட்டும்தானாம். ஆகையால் தயவுசெய்து திருத்தம் போடவேண்டாம். கோட்டை விழவேயில்லை.