சைகோன் டீச்சரின் சரித்திரச் சுற்றுலா

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பன்னிரண்டே நிமிடத்தில் பார்த்து முடித்தவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் பள்ளிக்கூடத்து சைகோன் டீச்சர். நந்திக்கு ஒதுக்கியது அரை நிமிடம். "பெருசா இருக்கு. பாத்தாச்சுல்ல? வாங்க, வாங்க" என்று ஆசிரியர்கள் எங்கள் ஒன்பது பேரையும் கோழிக்குஞ்சு போல வெளியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். தமிழய்யா மட்டும் கல்வெட்டுப் பக்கம் நழுவப் பார்த்தார்.

"ஐயா, அது ஆயிரம் வருஷமா அங்கதான் இருக்கு, எங்கயும் போயிடாது. ஹோட்டல்ல சூப்பு தீந்துடும்!"

நான் காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த புதிது. எழுபதுகள் முடிந்து எண்பது பிறக்கும் சமயம். சைகோன் டீச்சர் பிரெஞ்சு எடுப்பார். அவருடைய அப்பா இங்கே காரைக்காலில் தலத்தெருவைச் சேர்ந்த கிறிஸ்தவர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனுக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒரு சீனப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். அங்கே சண்டை முடிந்த வருஷம், டீச்சர் மட்டும் ஒரே ஒரு பெட்டியோடு, செத்துப்போன அப்பாவின் ஊருக்கு வந்து இறங்கினார். இதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடம் கறக்க முடியாது. கேட்டால், "போய் உன் பசங்க நோட்டத் திருத்தும்மா" என்பார்.

புடவை கட்டி, தலையில் ஓலைக் கூம்புத் தொப்பி வைத்துக்கொண்டுதான் வெயிலில் நடப்பார். முதல் மாதம் தெரு நாய்கள் குரைத்தன. அப்புறம் அவையும் பழகிக்கொண்டன. மத்தியானச் சாப்பாடு இரண்டு குச்சியால்தான். இடியாப்பம் என்றால் சரி, புரிந்துகொள்ளலாம். தயிர்சாதத்தையும் குச்சியால் சாப்பிட்டு, ஒரு பருக்கை சிந்தாமல் டப்பாவை மூடுவார். நாங்கள் வாய் பார்த்ததில் எங்கள் சாப்பாடு ஆறிப்போகும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆசிரியர்களுக்குச் 'சரித்திரச் சுற்றுலா' என்று பெயர்ப் பட்டியலை அவரே எழுதி ஒட்டிவிடுவார். வர மாட்டேன் என்று சொல்லும் தைரியம் தலைமையாசிரியைக்கே கிடையாது. கணக்கு டீச்சரான எனக்கே நாலாவது சுற்றுலாவில்தான் இந்தக் கணக்கு பிடிபட்டது. நாங்கள் பார்க்கப் போகும் கோயிலுக்கோ கோட்டைக்கோ கூப்பிடு தூரத்தில், 'சைனீஸ்' என்று புதிதாகப் போர்டு மாட்டிய ஒரு ஹோட்டல் தவறாமல் இருந்தது.

அந்தக் காலத்துச் சைனீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் தட்டு வந்ததும் டீச்சர் குச்சியால் கிளறிப் பார்த்தார். கடுகு இருந்தது. கறிவேப்பிலை இருந்தது. சர்வரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது என்ன?"

"நூடுல்ஸ்ங்க."

"இது சேமியா."

"சேமியாதாங்க. நூடுல்ஸ் மாதிரி செஞ்சிருக்கோம்."

நாங்கள் சிரித்து உருண்டோம். டீச்சர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்து இரண்டு சொட்டு விட்டு, ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டார்.

அந்த பாட்டிலால் ஒரு முறை போலீஸே வந்தது. நாகப்பட்டினத்துக்குக் கிளம்பியிருந்தோம். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு, பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரிலோ சாராயம் ஆறாக ஓடியது. அதனால் எல்லை தாண்டும் பஸ்ஸையெல்லாம் வாஞ்சூரில் நிறுத்தி, பை பையாகக் குடைவார்கள். டீச்சர் பையில் பழுப்பு நிறத்தில் பாட்டில்!

"என்னம்மா இது?"

"நுக்மாம். மீன உப்புல ஊறப்போட்டு நானே வடிச்ச சாறு."

"எல்லாரும் இப்படித்தாம்மா ஏதாச்சும் பேரு சொல்றாங்க."

"நம்பிக்கை இல்லன்னா குடிச்சுப் பாருங்க."

அந்தப் பாவி மனிதர் மூடியில் ஊற்றி ஒரே மடக்காக அடித்தார். அடுத்த நொடி குழாயடிக்கு ஓடினார். எங்கள் பஸ்ஸில் அதற்கப்புறம் ஒரு பையையும் திறக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் டீச்சர் எங்களை ஒரு வெட்டவெளியில் நிறுத்தினார். ராஜாக்கள் காலத்தில் கடல் கடந்து வந்தவர்களுக்காக ஒரு புத்தர் கோயில் இருந்ததாம். அதன் கோபுரத்தைக் கப்பல்காரர்கள் சீனக் கோபுரம் என்பார்களாம்.

"எங்க டீச்சர் கோபுரம்?" என்றார் தமிழய்யா, கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தேடியபடி.

"இடிச்சு நூறு வருஷம் ஆச்சு."

"அப்ப என்னத்தப் பாக்கறது?"

"இருந்த எடத்தப் பாருங்க" என்றார். அன்று மட்டும் அவர் அவசரப்படுத்தவில்லை. அரை மணி நேரம் நின்றார்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்ன ஹோட்டல். டீச்சர் மேஜையில் பாட்டிலை வைத்ததும் உள்ளே இருந்து சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நாகூர்க்காரர்.

"நுக்மாமா? அட, எங்கேர்ந்து கெடச்சிச்சு? நான் சைகோன்ல எட்டு வருஷம் அடுப்படில கெடந்தவன்மா!"

அவ்வளவுதான். டீச்சர் அவரை 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட, இருவரும் அந்த ஊர்ப் பாஷையில் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் முகம் பதினெட்டு வயதுப் பெண் முகமாகிவிட்டது. நடுவில் சமையல்காரர் தமிழுக்கு வந்து, "உங்க உம்மா எங்கே இருக்காங்க?" என்று அம்மாவைப் பற்றிக் கேட்டார்.

"சைகோன்ல, சோலோன் சீனத் தெருல சூப்புக் கடை வச்சிருந்தாங்க நானா. நீ முன்னால போ, கடைய ஒழிச்சுட்டு அடுத்த பிளேன்ல வரேன்னாங்க. அஞ்சு வருஷமாச்சு. ஒரு கடுதாசி இல்ல." சற்று நிறுத்திச் சொன்னார். "மொகம் போட்டோல இருக்கு. அந்த சூப்பு ருசிதான் மறந்துக்கிட்டே வருது. மறந்துடுமோன்னு பயமா இருக்கு."

இத்தனை சுற்றுலாவிலும் நாங்கள் சேமியாவும் சக்கையும் தின்றது இதற்காகத்தானா! சிதம்பரத்தில் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சமையல்காரர் உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு கிண்ணத்தோடு வந்தார். பட்டை வாசனை, இஞ்சி சுட்ட வாசனை. பரோட்டாவைப் பாதியில் விட்டுவிட்டுத் தமிழய்யாவும் எட்டிப் பார்த்தார். டீச்சர் நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"அதேதானா டீச்சர்?" என்றேன்.

"தெரியலையேம்மா" என்றார். "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அதுதானான்னு சொல்லத் தெரியல."

சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு காலிக் கிண்ணத்தை எடுத்தார். கடைசியில் தமிழய்யாதான் தொண்டையைச் செருமினார்.

"கும்பகோணத்துல ஒருத்தன் புதுசா சைனீஸ் போர்டு மாட்டியிருக்கானாம் டீச்சர். போய்ப் பாத்துருவோமே. அந்த ஊருல நமக்கு ஒரு கோயில் கெடைக்காமலா போயிடும்?"

டீச்சர் சிரித்தார். கண் மட்டும் நிறைந்திருந்தது.

சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் நாகூர் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அப்படி அவர் அசந்து தூங்கி நான் பார்த்ததில்லை. தூக்கத்தில் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் புரியாத பாஷையில் என்னவோ முனகினார். காரைக்கால் வந்தது; பஸ் அதற்கும் அப்பால் பொறையாறு வரை போவது. தமிழய்யாவும் மற்றவர்களும் சத்தம் போடாமல் இறங்கிப் போனார்கள்.

"காரைக்கால் வந்தாச்சும்மா, எறங்கலையா?" என்றார் கண்டக்டர்.

"மெதுவாப் பேசுங்க" என்றேன். "பொறையாறுக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க."