எழுபத்தொன்றாம் பாகைப் போர்

இரண்டு கோடு. இரண்டேயிரண்டு கோடு இறங்கினால் உன் மானம் போய்விடுமா?

இவ்வாறு வாய் திறவாமலே, விறாந்தைத் தூணில் தொங்கிய வெப்பமானியை நோக்கி மனத்துக்குள் முழங்கிய வீராங்கனையை வாழ்த்துவோம்! வாவிக்கரைப் பிரசவ விடுதியின் பணிப்பெண், விளக்குமாறு ஏந்திய வலக்கையாள், கஞ்சி காய்ச்சுவதில் நிகரற்றவள், காலை ஆறு மணிக்குப் பாகை பார்த்துக் கரும்பலகையில் எழுதும் பேரதிகாரம் பூண்டவள், நாவற்குடாச் சின்னத்தங்கம் வாழ்க!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டின் மார்கழி அது. வாடைக்காற்று வாவியைக் கலக்கி, தென்னைகளைத் தலைமயிர் பிடித்து உலுக்கி, இடுக்கு விட்ட யன்னல்களின் வழியே படை படையாக உட்புகுந்து, தன் அம்புகள் அத்தனையையும் மூன்றாம் கட்டிலில் கிடந்த காத்தான்குடி ஜெமீலாவின் மேல் எய்துகொண்டிருந்தது. பிள்ளை பெற்று மூன்றே நாள். பற்கள் கிடுகிடுத்தன. வீட்டிலென்றால் இந்நேரம் கட்டிலின் கீழே சிரட்டைக்கரித் தணல் கனன்றிருக்கும். இங்கோ சட்டம் குறுக்கே நின்றது. மலைநாட்டுக் குளிரை மனத்திற்கொண்டு யாரோ வகுத்த அச்சட்டம் முழங்கியது: வெளியே பாரன்ஹீட் எழுபது பாகைக்குக் கீழ் இறங்கினாலன்றி உள்ளே நெருப்பு மூட்டலாகாது! மலைநாடு நாள்தோறும் எளிதில் கடக்கும் அந்த எல்லையை மட்டக்களப்பு எட்டியும் பார்த்ததில்லை.

அன்று பாதரசம் எழுபத்தொன்றில் நின்றது.

முதலில் மூண்டது விசிறிப் போர். ஜெமீலாவின் மூத்தவளான ராத்தா உம்மு குல்தூம் பனையோலை விசிறியை வாளென உருவி, வெப்பமானியின் முகத்தில் கால் மணி நேரம் வீசினாள். அவளுக்கு வியர்த்தது, பகைவன் அசையவில்லை.

“சுகமாக் காத்து வாங்குது பாருங்க, புது மாப்புள மாதிரி!” என்று சலித்தாள்.

அடுத்தது நீர்ப் போர். கொக்கட்டிச்சோலைச் சீதேவிப்பிள்ளை, பக்கத்துக் கட்டிலில் தன் மகவை மார்போடு அணைத்தபடியே படைத்தலைவியானாள். “தண்ணிக்குள்ள அமத்துங்ககா! விறைச்சுச் சாகட்டும்!”

கிணற்றிலிருந்து வாளி அவள் கட்டிலடிக்கு வந்தது. பகைவன் தலைகீழாக மூழ்கடிக்கப்பட்டான். மூவரும் மூச்சடக்கிக் காத்து, வெற்றி வெற்றி என்று நெஞ்சு படபடக்கத் தூக்கிப் பார்த்தார்கள். எழுபத்தொன்பது! மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதை, சற்று முன்னர் அதிலேயே முகம் கழுவிய மூவரும் மறந்திருந்தார்கள்.

“அல்லாஹ்வே, அதுக்குக் காய்ச்சல் வந்திட்டே!” என்று உம்மு குல்தூம் தரையில் குந்திவிட்டாள். நடுக்கத்துக்கு நடுவே ஜெமீலாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிய, முன்னிலும் அதிகமாக நடுங்கினாள்.

துடைத்துத் தொங்கவிடப்பட்ட பகைவன், மெல்ல மெல்ல இறங்கி, அதே எழுபத்தொன்றில் அரியணை ஏறினான்.

“அறுவத்தொம்பது எண்டு எழுதிவிடுகா தங்கம். ஆர் வந்து கோடு எண்ணப் போறா?” என்றாள் சீதேவிப்பிள்ளை.

வெண்கட்டி கரும்பலகைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. பள்ளிக்கூடம் காணாத சின்னத்தங்கம் முப்பது வயதுக்குப் பிறகு கற்ற இலக்கங்கள் அவை. அவள் சொல்லை நம்பி உலகில் யாரும் எதையும் தீர்மானித்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர. இதையும் பொய்யாக்கினால் தனக்கென்று என்ன மிஞ்சும்? அப்போது அவளையே திடுக்கிட வைத்த வேறொரு நினைப்பு எழுந்தது: குளிர்வது தூணுக்கா, ஜெமீலாவுக்கா?

எழுபத்தொன்று என்று பெரிதாக எழுதினாள்.

“நல்ல மனுசிதான் நீ! பச்சை உடம்புக்காரி விறைச்சுக் கிடக்கிறா, ஒனக்குக் கணக்கு!” என்றாள் உம்மு குல்தூம்.

சின்னத்தங்கம் கஞ்சி காய்ச்சும் குசினிக்குப் போனாள். திரும்பி வருகையில் அவள் கையில், சூரியனைச் சிறைபிடித்து வந்தாற்போல், தணல் சட்டி செக்கச் சிவந்து சுடர்ந்தது. அது ஜெமீலாவின் கட்டிலின் கீழே அமர்ந்ததும் வாடையின் படைகள் யன்னல் வழியே சிதறியோடின.

அவ்வேளை குடையைக் கதாயுதமாகச் சாய்த்து, சப்பாத்தொலி இடியென அதிர, விடுதிக்குப் பொறுப்பான மருத்துவர், அப்போதிக்கரி கோணாமலை உட்புகுந்தார். கரும்பலகையைப் பார்த்தார்; கட்டிலின் கீழே பார்த்தார்.

“எழுவத்தொண்டு எண்டு நீயே எழுதிப்போட்டு நீயே நெருப்பும் வச்சிருக்கிறாய்! பொய் எழுதியிருந்தாலாவது நான் கண்டுக்காம விட்டிருப்பன். இப்ப சட்டம் என்னையல்லோ பிடிக்கும்? அணை! இல்லாட்டி நாளையிலிருந்து வேலைக்கு வராத!”

மேகங்கள் முழக்கத்தை நிறுத்தின. வாவியின் மீன்கள் செவிசாய்த்தன. விசிறியேந்தியும் படைத்தலைவியும் கற்சிலைகளாயினர். தணலின் சிறுவெம்மையில் முதன்முறையாகக் கைவிரல் விரித்து உறங்கிய ஜெமீலாவின் சின்னஞ்சிறு சிசுவின் மூச்சொன்றே கேட்க, முப்பத்தாறாண்டுக் காலம் எவர் சொல்லையும் மீறியறியாத அந்நங்கை தலை நிமிர்ந்து அப்போதிக்கரியை நோக்கினாள்.

“அணைக்க மாட்டன் ஐயா” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் ஈரத்துணியை எடுத்துத் தணலில் காட்டி உலர்த்தினாள்.