அய்யாத்துரை மூன்றிடம் குத்திப் பார்த்த காற்று

2025 மே முதல் நாள், வியாழக்கிழமை, விடுமுறை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மீன்பிடித் தடைக்காலமாதலால் விசைப்படகுகள் வரிசையாய்க் கட்டுண்டு கிடந்த காசிமேட்டுத் துறைமுகத்தில், முக்குளிப்போரை ஏற்றிச் செல்லும் படகொன்று மட்டும் புறப்படக் காத்திருந்தது.

வாழ்க அய்யாத்துரை! தண்டையார்பேட்டை அரிசிமண்டியின் தனிப்பெருங் கோமான். மூட்டைமலை துளைக்கும் குத்தூசி ஏந்திய முன்கையன். ஒரு பிடி குருணை கூடினும் லாரியையே திருப்பியனுப்பும் உருத்திர விழியன். இறுகிய ரப்பர் உடையுள்ளும் அடங்க மறுத்த திருத்தொந்தியன்! சென்ற மாதம் காற்றுத் தீர்ந்து முக்குளிப்புத் தோழன் அப்சலுக்கு முன்னரே கடலடியினின்று மேலேறி மண்டியே நகைக்க நின்ற அம்மாவீரன், இன்று அவனுக்குப் பின்னரே மேலேறுவேன் என மனைவி சுகிர்தத்தின் முன் சூளுரைத்து வந்திருந்தான்.

நைட்ரஜன் குறைத்து ஆக்சிஜன் மிகுத்து அடைத்ததும், ஆழத்தில் நெடிது தங்க அருள்வதுமாகிய நைட்ராக்ஸ் என்னும் அமுதக்காற்று, வழிகாட்டி வினிதாவினது போக, இருவருக்கும் ஆளுக்கொரு சிலிண்டராய் வந்திருந்தது, உபரியாய் ஒன்றுமில்லை. முக்குளிப்பவனே மீட்டர் வைத்து ஆக்சிஜனை அளந்து கையொப்பமிடல் வேண்டும் என்பது விதி. இராயபுரத்து இரும்புக்கடை அப்சல் ஒருமுறை அளந்தான், முப்பத்திரண்டு விழுக்காடு, ஒப்பமிட்டான். அய்யாத்துரையின் மீட்டரோ முப்பத்தொன்று புள்ளி ஏழில் நின்றது.

"குறையுதுல்லா! மேலாக்கப் பாத்து எவன் சரக்கு எடுப்பான்? நடுவுலயும் அடியிலயும் குத்திப் பாக்கணும்வே!" என்று அலைகள் அஞ்ச முழங்கினான் வீரன்.

"காத்துக்கு இன்னா அண்ணாச்சி மேலு, அடி? அரிசி மூட்டையா கீது?" என்றான் அப்சல்.

செவிமடுத்தானில்லை. களிற்றை மல்லாத்தும் மல்லனெனச் சிலிண்டரைத் தலைகீழாய்க் கவிழ்த்து அளந்தான். அதே புள்ளி ஏழு. பக்கவாட்டில் கிடத்தி அளந்தான், அதே ஏழு. அடியில் பதுங்கிய நற்சரக்கை வெளிக்கொணர்வான் வேண்டி வால்வை முற்றத் திறந்து மீண்டும் மீண்டும் அளந்தனன். ஆயிரம் அரவம் ஒருங்கே சீறினாற்போல் எழுந்த அப்பேரோசையில் காக்கைகள் எண்ணூர் நோக்கிப் பறக்க, வலை செப்பனிட்டிருந்தோர் கேஸ் கசிவென்றஞ்சித் துண்டால் மூக்கைப் பொத்திக் காற்றுக்குக் குறுக்கே ஓட, ஏழாம் அளவையில், ஆகா, முப்பத்திரண்டு!

"வந்துட்டுல்லா!" எனத் திசையெட்டும் அதிரக் கூவி, போர் வென்ற வேந்தன் வெற்றித்தூண் நாட்டினாற்போல் கையொப்பம் பொறித்தான்.

வினிதா அவன் சிலிண்டரின் அழுத்தமானியைப் பார்த்தாள்.

"இருநூறு பார் காத்து இருந்துச்சு அண்ணாச்சி. இப்ப நாப்பது. இத்த வச்சிகினு எங்க இறங்குவீங்க?"

அப்சலும் வினிதாவும் இறங்குவது, அய்யாத்துரை படகில் உட்கார்ந்து செருப்புகளைப் பார்த்துக்கொள்வது என்று முடிவானது.