குட்டிக்கு மஞ்சள் காமாலை இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா நலம். நானும் நலம், என் வலது கண் மட்டும் கட்டுக்குள் இருக்கிறது. பதறாதே, நாளை மறுநாள் கட்டு அவிழ்த்துவிடுவார்கள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நம்புகிறேன். குட்டி நலமென்பதை நம்ப வேண்டிய அவசியமே இல்லை, நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை முடிவை இரண்டு முறை படித்துவிட்டேன். குழந்தைக்கு மஞ்சள் காமாலை கிடையாது. அப்படி ஒரு பரிசோதனை நடக்கக் காரணமாக இருந்ததற்கு முதலில் குட்டியிடமும், ஊசி போடும்போது அவளைப் பிடித்துக்கொண்டு கையில் கடி வாங்கிய மாப்பிள்ளையிடமும், அப்புறம் உன்னிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், வரிகள் மாடிப்படி ஏறினால் பொறுத்துக்கொள்.

நடந்ததை முறைப்படி சொல்கிறேன். நீ அனுப்பிய டிவிடி பிளேயர் மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கடைக்குப் போன் செய்தால் மெக்கானிக் வந்து மாட்டித் தருவான் என்று சொல்லியிருந்தாய். பெயிண்ட் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் நிறம் சோதித்தவனுக்கு வயர் மாட்ட மெக்கானிக் எதற்கு? படத்துக்கு மூன்று வயர். பச்சை பச்சையில், நீலம் நீலத்தில், சிவப்பு சிவப்பில். சத்தத்துக்கு வேறு இரண்டு. பத்தே நிமிஷம். அதன் பிறகு படத்தின் தரத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்தேன். "பட்டனை அமுக்கினா படம் வரப்போகுது, இதுல சோதிக்க என்னங்க இருக்கு?" என்றாள் உன் அம்மா. இப்படிக் கேட்கிறவர்களால்தான் உலகத்தில் இத்தனை சுவர்கள் திட்டுத்திட்டாக நிற்கின்றன என்று அவளிடம் சொன்னேன். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழக் கூடாது. ஆகவே ஸ்டூல் மேல் ஏறி ஜன்னல் கம்பிகளில் போர்வையைக் கட்டினேன். கட்டி முடித்து இறங்கும்போது ஸ்டூல் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன், நடுவில் டம்ளரோடு வந்த உன் அம்மா தலையில் போர்வை விழுந்தது. அடி யாருக்கும் இல்லை. டீ மட்டும் சோபாவில். மறுபடி கட்டினேன். பிறகு டேப் வைத்து அளந்து ஏழடி தூரத்தில் நாற்காலி போட்டேன், ஓய்வு பெறும்போது கம்பெனியில் கொடுத்த நிற அட்டைப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், நீ பிளேயரோடு அனுப்பிய டிவிடி தட்டைப் போட்டேன்.

குட்டியின் பள்ளிக்கூட நாடகம். அவள் மேகமாக வருகிறாள். தாத்தாவாகப் பார்த்திருந்தால் கை தட்டிவிட்டு எழுந்திருப்பேன். சோதிப்பவனாகப் பார்த்ததால் திடுக்கிட்டேன். மேகத்தின் கவுன் பழுப்பு மஞ்சள். மேகத்தின் முகம் இளம் பச்சை. படத்தை நிறுத்தி, டிவி பக்கத்தில் போய், நிற அட்டையைக் குழந்தையின் கன்னத்தோடு வைத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டாம் எண். மருத்துவமனைச் சுவர்களுக்கு அடிப்பது. "இங்கே வா, குழந்தை முகம் எப்படி இருக்குன்னு பாரு" என்று கூப்பிட்டேன். உன் அம்மா வந்தாள், திரையைப் பார்த்தாள், என்னையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு, "நல்லாத்தானே இருக்கு?" என்றாள். "முகம் பச்சையா இல்ல?" "எனக்கு முகம் முகமாத்தான் தெரியுது." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரே திரை, ஒரே ஏழடி!

ஒரு ஆள் சொல்வதை வைத்து முடிவெடுப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. மறுநாள் கீழ்வீட்டுத் தையல்காரரை அழைத்து வந்தேன். துணிக்கு நூல் சேர்க்கிறவர், நிறத்தில் கெட்டிக்காரர். நாற்காலியில் உட்கார்ந்ததும், "அட, இது என்ன இப்படி" என்று ஆரம்பித்தார். அந்தச் சமயம் உன் அம்மா டீ கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் டீயைப் பார்த்தார், உன் அம்மாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "இது என்ன இப்படிக் கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொல்ல வந்தேன் சார். அருமையான படம்." "முகத்துல பச்சை?" "ஐயோ, தங்க விக்கிரகம் மாதிரி இருக்கு சார் குழந்தை." டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கடைக்குப் போன் செய்தேன். மெக்கானிக் நாளை வருவான் என்றார்கள். அந்த நாளை மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். மிஷினில் குறை இல்லை, பார்த்த இரண்டு பேரும் படத்தில் குறை இல்லை என்கிறார்கள், அப்படியானால் பச்சை எங்கே இருக்கிறது? குழந்தையிடம் இருக்கிறது! அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் உனக்குப் போன் செய்து, "குழந்தைக்குக் காமாலை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்றேன். நீ ஓடினாய். மற்றதெல்லாம் உனக்கே தெரியும்.

முடிவு வந்த அன்று உன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மிஷின் நல்லா இருக்கு. குழந்தை நல்லா இருக்கு. இன்னும் சோதிக்காதது ஒண்ணுதாங்க பாக்கி" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு வருஷமாக அவள் கண் டாக்டர் என்று ஆரம்பிப்பதும், நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடிப்பதும் வழக்கம். கம்பெனியில் மற்றவர்கள் ஒன்றே என்று சொன்ன இரண்டு வெள்ளைகளை மூன்றாகப் பிரித்துச் சொன்ன கண் இது. இதற்கு இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்ப்பதா? ஆனால் அன்று செய்தித்தாள் பக்கத்தில் இல்லை. போனேன்.

டாக்டர் உன் வயதுப் பெண். ரொம்ப நேரம் பார்த்தாள். "ரெண்டு கண்லயும் புரை சார். வலது கண் நல்லா முத்திடுச்சு. இத்தனை நாளா எப்படிச் சமாளிச்சீங்க?" என்றாள். "நிறம் மாறித் தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாக்கிற மாதிரிதான். கொஞ்சம் கொஞ்சமா மாறுறதால நமக்கே தெரியாது." வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே மனம் வரவில்லை. கடைசி வருஷங்களில் நான் 'சரி' என்று முத்திரை குத்தி அனுப்பிய டப்பாக்கள் எத்தனை, அவை எந்தெந்த வீட்டுச் சுவர்களில் என்னென்ன நிறத்தில் இருக்கின்றனவோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அந்த வீட்டுக்காரங்க யாராவது வந்து கேட்டாங்களா?" என்றாள். "இல்லை." "அப்ப எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அடுத்த வாரமே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினோம். வலிக்கவில்லை. அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

ஆகவே, மகளே, பிளேயர் மிகத் தரமானது. அதைப் பற்றி நான் உன்னிடமும், கடைக்காரரிடமும், தபால்காரரிடமும் சொன்ன அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். குறை என் கண்ணில். மாப்பிள்ளைக்கு என் அன்பு, கடித்த இடம் ஆறிவிட்டதா என்று கேட்டதாகச் சொல். குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நிறம் மாறாமல், நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
புத்தி வந்த
அப்பா

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நல்லதாயிற்று. நேற்றுக் கட்டை அவிழ்த்தார்கள். நம் வீட்டுச் சுவர் வெள்ளை என்பது உனக்குத் தெரியுமா? எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. வந்ததும் வராததுமாகக் குட்டியின் தட்டைப் போட்டேன். கவுன் வெள்ளை, பனி மாதிரி வெள்ளை. முகம் பச்சை. நிற அட்டையை வைத்தேன். அதே நாற்பத்திரண்டு. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பச்சை!

உன் அம்மாவைக் கூப்பிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "இப்பவாவது உண்மையைச் சொல்லு. இந்த முகம் என்ன நிறம்?" "பச்சை" என்றாள். "எப்போதிலிருந்து?" "மொத நாள்லேருந்து." "தையல்காரருக்கு?" "அவருக்கும் பச்சைதான். டீ குடுக்கறப்போ கண்ணைக் காட்டினேன்." நான் பேச வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள். "போன வருஷம் பஸ் வர்றது தெரியாம ரோட்டுல இறங்கினீங்க. நான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். நீங்க பஸ்ஸைப் பாக்கல, சட்டை கிழிஞ்சதுக்கு ரெண்டு நாள் என்கூடச் சண்டை போட்டீங்க. டாக்டர்னு சொன்னா பேப்பரைத் தூக்கிக்கிறீங்க. நிறத்துல தப்புன்னாத்தான் உங்களுக்கு உறைக்கும். அதான் கிடைச்ச சந்தர்ப்பத்தை விடல. நீங்க அவளுக்குப் போன் பண்ணுவீங்கன்னு மட்டும் நான் நினைக்கல."

இன்று காலை மெக்கானிக்கும் வந்து சேர்ந்தான். சிவப்பு வயர் பாதிதான் உள்ளே போயிருக்கிறதாம். ஒரு தட்டுத் தட்டினான், குட்டி ரோஜாவாகிவிட்டாள். "யார் சார் மாட்டினது?" என்று கேட்டான். உன் அம்மா அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகவே மேலே எழுதியதில் கண்ணைப் பற்றி நான் ஒப்புக்கொண்டதில் பாதியை ரத்து செய்யவும். பச்சையைப் பச்சை என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். மாப்பிள்ளை வாங்கிய கடிக்கான மன்னிப்பை உன் அம்மாவிடம் கேட்டுப் பெறவும். தான் கேட்க மாட்டேன் என்கிறாள்.

மெக்கானிக் போன பிறகு அவளை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். தலையில் காதோரம் தொடங்கி உச்சி வரை நரை. சாம்பல் கலக்காத சுத்த வெள்ளை. "இவ்வளவு நரை எப்ப வந்தது?" என்றேன். "நீங்க பாக்காதப்ப" என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை நானே போய்க் கேட்டு வாங்கினேன்.