ஆயிரம் அக்குள் கண்ட படிகாரக்கா

இந்தப் பூவுலகில் மிக அதிகமான அக்குள்களை நேருக்கு நேர் சந்தித்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், டாக்டர்கள், தையல்காரர்கள், சலூன்காரர்கள் எல்லோரும் வரிசையில் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான். முதல் பரிசு எங்கள் படிகாரக்காவுக்கு. இரண்டாம் பரிசை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைத்துவிடலாம்.

1991-ல் நான் பென்னலூர் பக்கம் ரிலே செய்யும் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாக இருந்தேன். ரிலே என்பது தீப்பெட்டி அளவில் ஒரு மின்சார சாமான். அதற்குள் அரிசிக் குருணை அளவில் வெள்ளி முனைகள் இருக்கும். அந்த வெள்ளி யாருடைய முந்தானையிலாவது முடிந்துகொண்டு வெளியே போய்விடுமோ என்று கம்பெனிக்கு ஓயாத பயம். அதனால் ஷிப்ட் முடிந்ததும் நூற்றிருபது பெண்களையும் ஒவ்வொருவராகத் தட்டிப் பார்த்து அனுப்ப, கேட்டில் ஒரு லேடி செக்யூரிட்டியை நிறுத்தியிருந்தார்கள். அவள்தான் அக்கா. நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும், நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"கையத் தூக்கு" என்பாள். தூக்குவோம். அக்கா நல்ல குள்ளம். நாங்கள் கையைத் தூக்கினால் அவள் மூக்கு சரியாக எங்கே வந்து நிற்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு இரண்டு வீதம் ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது. இப்படி மூன்று வருஷம்.

வேறு யாராவது என்றால் வேலையே வேண்டாம் என்று ஓடியிருப்பார்கள். அக்கா அதை ஒரு படிப்பாகவே எடுத்துப் படித்தாள். வெள்ளித் திருட்டு ஒன்றையாவது அவள் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் முந்தின நாள் பூண்டுக் குழம்பு சாப்பிட்டவள், துவைக்காத ரவிக்கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தவள், மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள் எல்லோரும் தவறாமல் பிடிபடுவார்கள். சண்டை வேர்வைக்குத் தனி நெடி உண்டாம்.

பிடித்தால் விடமாட்டாள். மேஜையில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கும். அதில் படிகாரக் கட்டிகள். "குளிச்சிட்டு ஈரத்தோட தேய்ச்சிக்க. தொடச்சிடாத, அப்டியே காய உடு" என்று ஒரு துண்டைக் கையில் திணிப்பாள். யாராவது செண்ட் அடித்துக்கொண்டு வந்தால் மட்டும் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வந்துவிடும். "நாத்தமும் போவல, செண்ட்டும் போவல. ரெண்டும் ஜோடி போட்டுகினு வருது. இதுக்குக் காசு வேற குடுத்தியா?" என்று கேட்டே மானத்தை வாங்கிவிடுவாள்.

இந்த அக்காவிடம்தான் ஒரு நாள் நான் மாட்டினேன்.

எங்கள் ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. தூசு படக்கூடாது என்று நாலு பக்கமும் அடைத்து ஏசி போட்டிருந்தார்கள். உள்ளே போன எந்த வாசனையும் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருக்கும். ஒரு திங்கட்கிழமை என் இடது பக்கத்துப் பெண் ஸ்டூலை ஒரு சாண் நகர்த்திப் போட்டாள். மறுநாள் வலது பக்கத்துப் பெண் இரண்டு சாண் நகர்த்தினாள். வாரக் கடைசியில் என்னைச் சுற்றி ஒரு கல்யாணப் பந்தி போடலாம் போல இடம் இருந்தது.

சூப்பர்வைசர் சார் தங்கமான மனிதர், ஆனால் பெண்களிடம் பேச வெட்கப்படுபவர். என் மெஷினைப் பார்த்துக்கொண்டே மெஷினிடம் சொல்வதுபோல் சொன்னார்: "ஏம்மா... இது ஏசி ரூமு... காத்து வெளிய போறதில்ல... கொஞ்சம் பாத்துக்கம்மா. மாசக் கடைசில உன் ரிப்போர்ட் எழுதணும்."

எனக்குக் காது வரை சூடேறியது. அந்த மாதத்தோடு என் ட்ரெய்னிங் முடிகிறது. நல்ல ரிப்போர்ட் போனால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. தண்டலத்தில் எங்கள் வீடு மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதன்முதலில் பார்த்ததே என் கையால்தான். வேலை செய்யத் தெரியாமல் அனுப்பினாலும் பரவாயில்லை, இப்படி ஒரு காரணத்தைப் போய் அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது?

அன்று சாயங்காலம் கேட்டில் கையைத் தூக்கினேன். அக்கா மூக்கைச் சுருக்கவில்லை. நிதானமாக இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"எத்தினி நாளா, நெட்டை?" என் உயரத்துக்கு அவள் வைத்த பெயர் அது.

"என்னதுக்கா?"

"என்னாண்டயேவா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா உடனே வைத்தியத்தில் இறங்கிவிட்டாள். முதலில் படிகாரம். ஒரு வாரம் பலனில்லை. அடுத்து, பாதி எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொன்னாள். காலையில் முடி எடுத்த கையோடு தேய்த்தேன். நான் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. "முடி எடுத்த அன்னிக்கி யாராச்சும் பூசுவாங்களா? உன்ன இன்னான்றது" என்று அக்கா என்னையே திட்டினாள்.

மூன்றாவது, அரிசி மாவில் சமையல் சோடாவைக் கலந்து பூசுவது. அக்குள் நன்றாகத்தான் வழவழவென்று இருந்தது. ஆனால் பத்து மணிக்கெல்லாம் ட்ரேயில் வெள்ளையாக என்னவோ உதிர ஆரம்பித்தது. தூசே ஆகாத ஹால்! சூப்பர்வைசர் சார் பூதக்கண்ணாடியும் கையுமாக வந்து, ஏசி குழாயிலிருந்து கொட்டுகிறது என்று முடிவு செய்து, மெக்கானிக்கை ஏணி போட்டு ஏறவைத்துவிட்டார். அரை நாள் குழாயைக் கழற்றினார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் ரிலே பொருத்தினேன். என் சர்வீஸில் அவ்வளவு சுத்தமாக நான் வேலை செய்தது அன்றைக்குத்தான்.

பிறகு வேப்பிலை வெந்நீர். வெட்டிவேர் ஊறிய தண்ணீர். பூலாங்கிழங்கு அரைத்துப் பூசி இரண்டு ரவிக்கை மஞ்சளாயின. சாப்பாட்டிலும் கை வைத்தாள். பூண்டு கூடாது, வெங்காயம் கூடாது, கருவாடு கூடவே கூடாது. எங்கள் வீட்டில் இவை மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் சோறும் பாத்திரமும்தான்.

இதில் பெரிய ஆச்சரியம், காலையில் அம்மா முகர்ந்து பார்த்து, "கோயில் கணக்கா கீதுடி" என்பாள். சாயங்காலம் அக்கா முகர்ந்து பார்த்து, "அப்டியேதான் கீது" என்பாள். நடுவில் எட்டு மணி நேரத்தில் எனக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கே பயமாகிவிட்டது.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது நான் கைவிட்டேன். 'சொந்தக் காரணங்களால் வேலையை விட்டு விலகுகிறேன்' என்று ஒரு லெட்டர் எழுதி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போனேன். அவர்களாக அனுப்புவதற்குள் நாமாகப் போவது கௌரவம் அல்லவா? போன இடத்தில் அன்றைக்கு ஏசி ரிப்பேர். ஹாலைப் பூட்டிவிட்டு எங்களை ஸ்டோரில் அட்டைப்பெட்டி அடுக்கச் சொன்னார்கள். தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து ஒழுகியது. சார் ஏசி மெக்கானிக்கோடு அலைந்ததில் லெட்டரைக் கொடுக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் கேட்டில் அக்கா தட்டிப் பார்க்கும்போது காகிதம் சரசரத்தது. பிரித்து என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அக்கா அதை வாங்கி மடித்து மறுபடியும் என் கையில் திணித்தாள்.

"மெட்ராஸ்ல ஒரு வூட்ல வேல செஞ்சேன். நான் உள்ள போனா எழுந்துபோய் ஜன்னலத் தொறப்பாங்க. ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. காத்துக்குதான் தொறக்கறாங்கன்னு நெனச்சிகினு ஒரு வருசம் சந்தோசமா இருந்தேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிறகு, பழக்க தோஷம், "கையத் தூக்கு" என்றாள். தூக்கினேன். சட்டென்று முகம் மாறியது. இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். மறுபடியும் இடது பக்கம் வந்தாள்.

"இன்னிக்கி இன்னா பூசின?"

"ஒண்ணுமே பூசலக்கா. வுட்டுட்டேன்."

"வெறும் உப்பு வாசனதான் வருது. தெனம் ஹாலுக்குள்ள போறப்ப இன்னா மாட்டுவ?"

"கோட்டு. வெள்ளை நைலான் கோட்டு."

"இன்னிக்கி?"

"ஸ்டோருக்கு எதுக்குக்கா கோட்டு?"

மறுநாள் காலை, கம்பெனி வரலாற்றில் முதல்முறையாக, பெண்கள் கேட் காவல் இல்லாமல் கிடந்தது. அக்கா செருப்புக் காலோடு ஹாலுக்குள் நுழைந்தாள். "யம்மா! செருப்பு! தூசு!" என்று சார் பின்னாலேயே ஓடி வந்தார். அக்கா நேராகக் கோட்டு மாட்டும் ஆணிகளிடம் போய், சந்தையில் மாம்பழம் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே வந்தாள். கடைசியில் தொங்கிய மூன்று பெரிய கோட்டில் ஒன்று என்னுடையது, மற்ற இரண்டும் உபரி. ஹாலிலேயே நெட்டை நான் ஒருத்திதான்.

அதை முகர்ந்தவள் நிமிர்ந்து, நூற்றிருபது பெண்களுக்கும் கேட்கிற குரலில் அறிவித்தாள்: "இது ஆம்பள நாத்தம்!"

சார் வெலவெலத்துப்போய், "மெதுவாம்மா, மெதுவா" என்றார்.

"இன்னா மெதுவா? இங்க கீற அத்தினி பொண்ணுங்க வாசனையும் எனக்கு அத்துப்படி. இது அதுல சேத்தியே இல்ல. ராத்திரில எவன் சார் இத மாட்டுறான்?"

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மெல்ல விஷயம் வந்தது. நைட் ஷிப்டில் மெஷின் சரிபார்க்க ஆண்கள் வருவார்களாம். ஹாலுக்குள் கோட்டு இல்லாமல் யாரும் நுழையக்கூடாது. சின்னக் கோட்டு அவர்களுக்கு ஏறாது. உபரி இரண்டையும் பழைய ஆட்கள் எடுத்துக்கொள்ள, புதிதாகச் சேர்ந்த மெக்கானிக் ஒருவர் என் கோட்டைத்தான் இரவெல்லாம் போட்டுக்கொண்டு கிரீஸோடு மல்லுக்கட்டியிருக்கிறார். சலவைக்குப் போடுவதோ வாரத்துக்கு ஒரு நாள். அதாவது, எலுமிச்சம்பழ எரிச்சலை நான் அனுபவித்ததெல்லாம், முகமே தெரியாத ஒரு மனிதருக்காக.

எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்ல! அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்தேன். கண்ணிலிருந்து அது பாட்டுக்குத் தண்ணீர் கொட்டியது. லெட்டரைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தேன். ஆண்களுக்குத் தனிக் கோட்டு வந்தது. சார் என் ரிப்போர்ட்டை அன்றே எழுதினார். கேட்டை விட்டுப் போனதற்கு அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. அதை மடித்து, அதிலேயே ஒரு கட்டிப் படிகாரத்தைப் பொட்டலம் கட்டி, "அந்த மெக்கானிக் தம்பியாண்ட குடுத்துடு சார், பாவம்" என்று சாரிடமே நீட்டினாள்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. ஆனாலும் ஒரு மாதப் பழக்கம் ஒரே நாளில் போகுமா? நான் உட்கார்ந்த சீட்டில் பாதி காலியாகவே இருக்க, நாலு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் புறப்படும்போது அக்கா மூச்சு வாங்க ஏறி, நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவளுக்கு வீடு பிள்ளைப்பாக்கம். இந்த பஸ் போவது நேர் எதிர்த் திசையில்.

"எங்கக்கா இந்தப் பக்கம்?"

"சும்மா. உக்காந்து போலாம்னு."

தண்டலம் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். நான் இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது. எனக்கு எழுப்ப மனசு வரவில்லை.