குழாய்க்குள் பெய்த மழை

டக டக டக டக டக.

மழைக்குள்ளிருந்து வந்தது அந்தச் சத்தம். அதுவரை மழை ஒழுங்காகத்தான் பெய்துகொண்டிருந்தது. ஓட்டில் விழுகிற மழை, இலையில் சொட்டுகிற மழை, தூரத்தில் ஒரு சோம்பேறி இடி. கண்ணை மூடிக்கொண்டு ஹெட்ஃபோனில் கேட்டவரின் முகத்தில் ஒரு ஞானியின் களை வந்து உட்காரப் போன நேரத்தில் டக டக டக. பின்னாலேயே ஒரு குக்கர் விசில். கடைசியாக, கொட்டும் மழைக்கு நடுவில் நனையாமல் ஒரு பெண் குரல்:

“சனியன் பிடிச்ச நூல், மறுபடியும் அறுந்துடுச்சு.”

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். கழற்றியும் பிரயோஜனமில்லை. கதவுக்கு வெளியே ஹாலில் அதே டக டக, நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு வேலை ஒரு குளிர்பதனக் கிடங்கில். ஊர் தூங்கும்போது முழித்திருந்து, குளிர் கூடுகிறதா குறைகிறதா என்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ராக்கோழி. வீட்டுக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்து, வயதை உத்தேசித்து ‘ராக்கோழியார்’ ஆகிவிட்டது. காலையில் வந்து படுத்து அவர் எழுந்திருக்கும்போது பகல் பாதி செலவாகியிருக்கும். மற்றவர்கள் எல்லோரும் அதற்குள் ஒரு நாளை வாழ்ந்து முடித்துவிட்டதுபோல் இருக்கும். மிச்சத்தில் தனக்கென்று ஏதாவது வேண்டும் என்று அவர் பிடித்து வைத்திருந்தது இரண்டு: ஒரு பழைய கம்ப்யூட்டர், அது இருக்கிற சின்ன அறை. யாரிடமும் படிக்காமல், தட்டித் தட்டியே, அதில் இசை சேர்க்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் நிறுத்தறியா?” என்றார் ஹாலைப் பார்த்து.

“எதை?”

“மிஷினை.”

“நிறுத்தினா கர்ட்டனை யாரு தைப்பா? உங்க மழையா?”

கீழ்த்தளத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவர் இந்த வீட்டுக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தார். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்து ஜன்னல்களுக்குக் கர்ட்டன், இது மனைவிக்கு. உள்ளே பல்லைக் குடைகிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்க, மழையும் மெல்லிய மெட்டும் கலந்து நீளமாக ஓர் இசை, இது கணவருக்கு. கர்ட்டன் கடைசி ஜன்னலுக்கு வந்துவிட்டது. இசை இன்னும் முதல் தூறலைத் தாண்டவில்லை.

தவறு மழையுடையது அல்ல. மழை இன்டர்நெட்டில் கிடைத்தது. கம்ப்யூட்டரில் ஓடவிட்டால் ஸ்பீக்கர் வழியாக வெளியே வரும். அதன் எதிரே, கவிழ்த்துவைத்த டம்ளர்மேல் ஒரு மைக். அது மழையைப் பிடித்து அதே கம்ப்யூட்டரில் இருக்கிற இசை சாஃப்ட்வேருக்குள் அனுப்பும். அதாவது, கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போக, சத்தம் வெளியே இறங்கி வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது. கை காட்டினவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்ளும் டவுன் பஸ் மாதிரி, குக்கரும் மிஷினும் மின்விசிறியும் வழியில் ஏறிக்கொண்டன.

“இந்த வீட்டுல மனுஷன் மழைகூடக் கேக்க முடியலை,” என்றார்.

“எனக்கு அந்த ரூமைக் குடுத்துடுங்க. கதவைச் சாத்திக்கிட்டுத் தைக்கிறேன். ஜன்னல் வெளிச்சமும் கிடைக்கும். இங்க துணியெல்லாம் சமையல் வாசனை.”

“ரூமா? கலைக்கு அமைதி வேணும்மா.”

“ரெண்டு வருஷமா அமைதி குடுத்தாச்சு. கலையைத்தான் இன்னும் காணோம்.”

பேச்சு வளர்ந்து, ஒரு ஒப்பந்தத்தில் வந்து நின்றது. மனைவிதான் விதிகளைச் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் டாக்டர் கைக்கு இசை போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் அறை அவருக்கு. அவள் இனி அதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள்.

“சேரலைன்னா?”

“மிஷின் உள்ள வரும். கம்ப்யூட்டர் ஹாலுக்கு வரும். செருப்பு அலமாரி பக்கத்துல இடம் இருக்கு.”

ராக்கோழியார் எழுந்து நின்றார். வலது கை தானாக உயர்ந்தது. “இன்னையிலேர்ந்து இந்த வீட்டுச் சத்தம் ஒண்ணுகூட என் இசைக்குள்ள நுழையாது. இது சத்தியம்.”

“சரி. கை தூக்கினது தூக்கினதுதான், அப்படியே இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுத்துட்டுப் போங்க.”

கொஞ்ச நாளாக அவளுக்குப் பக்கத்துப் பார்வை மங்கல். நூல் கோப்பது அவர் பொறுப்பு. சபதம் எடுத்த கையாலேயே கோத்துக் கொடுத்தார்.

அதன்பின் கிடங்கில் ஒரு கண் முள்ளிலும் ஒரு கண் செல்போனிலுமாக அவர் பாடம் படித்தார். யாரோ ஒரு பையன், ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி, வீடியோவில் பேசினான். நிறுத்தி நிறுத்திக் கேட்டதில் ஒரு விஷயம் பொறி தட்டியது. சத்தம் வெளியே வரவே வேண்டாம்! கம்ப்யூட்டருக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாயைப் பொருத்திவிட்டால் போதும். இந்தப் பக்கம் மழையை ஊற்றினால் அந்தப் பக்கம் இசை சாஃப்ட்வேரில் போய் விழும். மைக் வேண்டாம். டம்ளர் வேண்டாம். காற்றே வேண்டாம்.

முதல் முயற்சியில் குழாயைத் தப்பாகக் கட்டினார். சாஃப்ட்வேரின் வாயிலிருந்து வந்ததும் அதே குழாய் வழியாக அதன் காதுக்கே திரும்பிப் போனது. அது இன்னும் உரக்கச் சொன்னது, இன்னும் உரக்கக் கேட்டது. ஒரே நொடியில் ஸ்பீக்கர் வீலென்று அலறி, அலமாரிக் கண்ணாடி நடுங்கியது.

சற்று நேரத்தில் பல் டாக்டரின் உதவியாளர் படியேறி வந்தார். “சார், மேல என்ன பண்றீங்க? அடுத்த ரூம்லயும் பல் பிடுங்கறாங்கன்னு நெனச்சு பேஷன்ட் எந்திரிச்சுப் போயிட்டார்.”

“ட்ரீட்மென்ட் முடிஞ்சுதா?”

“எங்க சார்? பல்லோடதான் போனார்.”

அவர் இறங்கிப் போனதும் மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏன் அப்படிக் கத்துச்சு?”

“அது பேசறதை அதுவே கேட்டுச்சு. கேக்கக் கேக்க இன்னும் பெருசாக் கத்துச்சு. இதுக்கு ஒரு தனிக் காரணம் இருக்கு, உனக்குப் புரியாது.”

“ஏன் புரியாது? உங்களோடதானே குடித்தனம் பண்றேன்.”

வெள்ளிக்கிழமை மதியம் குழாய் சரியாக அமைந்தது. மழை சாஃப்ட்வேருக்குப் போனது. சாஃப்ட்வேரின் சத்தம் ஹெட்ஃபோனுக்கு மட்டும் வந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு மழைக்குத் தக்கபடி துள்ளியது. பதிவு செய்து கேட்டார். மழை. வெறும் மழை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வாயெல்லாம் பல்லாக மனைவியைக் கூப்பிட்டார்.

“கேளு. இதுல ஏதாவது வீட்டுச் சத்தம் இருக்கா?”

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள். “இல்லைதான். ஆனா இப்போ வீட்டுல சத்தம் எதுவும் இல்லையே.”

“இருந்தாலும் விழாது.”

“குக்கர்?”

“விழாது.”

“என் மிஷின்?”

“நீ இங்கேயே வந்து தைச்சாலும் விழாது!”

“சும்மா சொல்லாதீங்க. அந்தச் சத்தம் கீழ டாக்டருக்கே கேக்குது. எனக்கு நம்பிக்கை இல்லை.”

நம்பிக்கை இல்லை என்ற சொல் ராக்கோழியாரின் நெஞ்சில் ஈட்டியாகப் பாய்ந்தது. ஹாலுக்குப் போனார். இரும்புக் கால் வைத்த அந்தத் தையல் மிஷினை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்காலால் முட்டுக்கொடுத்து, தானே தூக்கிவந்து அறைக்குள் வைத்தார்.

“தை.”

தைத்தாள். டக டக டக. பதிவு செய்தார். போட்டுக் காட்டினார். மழை. வெறும் மழை.

“அட!” என்றாள். “ஆனா இது கதவுப் பக்கம் இருக்கு. ஜன்னல் பக்கம் இருந்தா எதிரொலி அடிக்குமோ என்னவோ.”

“எங்க வச்சாலும் அடிக்காது!” ஜன்னல் பக்கம் நகர்த்தினார். அதற்குத் தன் மேஜையை மூலைக்குத் தள்ள வேண்டியிருந்தது. தள்ளினார். மழை.

“துணி பாரமா இருந்தா மிஷின் வேற மாதிரி சத்தம் போடும்.” துணி மூட்டையைத் தூக்கிவந்தார். மழை.

“ஸ்டூல்ல உக்காந்து நிதானமாத் தைச்சா?” ஸ்டூல் வந்தது. மழை.

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “நீங்க பெரிய ஆள்தாங்க.”

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் கேட்டிராத வாக்கியம் அது. அந்தக் கிறக்கத்திலேயே வேலைக்குக் கிளம்பிப் போனார். மிஷின் எங்கே நிற்கிறது என்பது கிடங்குக் கதவைத் திறந்து குளிர் முகத்தில் அறைந்தபோதுதான் உறைத்தது.

மறுநாள் காலை வந்ததும் கேட்டார். “சோதனை முடிஞ்சுடுச்சே. மிஷினை எடுத்து ஹால்ல வச்சிடலாமா?”

“ஏன்? சத்தம் விழுதா?”

“விழலை...”

“அப்புறம் என்ன? இருந்துட்டுப் போகட்டும்.”

பதில் இருந்திருக்க வேண்டும். தேடினார். தூக்கம் கண்ணைச் சுழற்றியது. இருக்கட்டும், முதலில் பந்தயத்தில் ஜெயிப்போம், அறை தனக்கென்று ஆனபின் மிஷினை வெளியேற்ற எத்தனை நேரம் ஆகும் என்று சமாதானம் செய்துகொண்டார். மெட்டு ஏற்கெனவே தயார். நீளமான மழை ஒன்றுதான் பாக்கி. அதை ஓடவிட்டு, பதிவைத் தட்டிவிட்டு, ஓடுகிறதா என்று தெரிய ஸ்பீக்கரிலும் மெல்லக் கசியவிட்டார். “எதையும் தொடாதே” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். மழையும் மிஷினும் சேர்ந்து தாலாட்ட, நன்றாகவே தூங்கினார்.

மதியம் எழுந்து ஹெட்ஃபோனை மாட்டினார். மனைவி ஜன்னலோரம் கடைசிக் கர்ட்டனின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மழை பெய்தது. மிஷின் இல்லை, குக்கர் இல்லை. பாதி தூரம் அமோகமாகப் போனது. அப்புறம், மழைக்கு நடுவில், பளிங்குபோல ஒரு குரல்:

“என்னடி, பின்னாடி மழையா?”

மைத்துனி. அதாவது மனைவியின் அக்கா. வெளியூரிலிருந்து கம்ப்யூட்டரில் வீடியோ கால் போட்டிருக்கிறார். வீட்டுச் சத்தம் எதுவும் குழாய்க்குள் வராது. ஆனால் கம்ப்யூட்டரே பேசினால்? அதை ராக்கோழியார் யோசிக்கவே இல்லை.

மழை. பிறகு அக்கா: “அவரேவா தூக்கி வச்சாரு?”

மழை.

“ஐயோ, முதுகு பிடிச்சுக்கலையா?”

மழை.

“நான் சொன்னேன்ல? இடம் குடுன்னா குடுக்க மாட்டாரு. நம்பிக்கை இல்லைன்னு சொல்லு, தூக்கிக்கிட்டு ஓடி வருவாருன்னு.”

நீண்ட மழை. அதன் முடிவில் அக்கா சிரித்தார். இடியைவிடப் பலமாக.

ராக்கோழியார் ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கினார். அதே இடத்தை ஸ்பீக்கரில் அலறவிட்டார். “இப்போ என்ன சொல்றே? கையும் களவுமா மாட்டிக்கிட்டே!”

மனைவி மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

“இது அக்கா குரல்.”

“ஆமா!”

“என் குரல் எங்க?”

அவர் திரையைப் பார்த்தார். “அது... விழாது. ரூம்ல பேசறது இதுல விழாது.”

“அப்போ நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“‘சீச்சீ, அவரை அப்படியெல்லாம் ஏமாத்த முடியாதுக்கா’ன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?”

அவர் யோசித்தார். அந்த நீண்ட மழையில் அதற்கு இடம் இருக்கத்தான் செய்தது. அவர் குரல் தணிந்தது.

“சொன்னியா?”

“நீங்கதானே ரெக்கார்ட் பண்ணீங்க? கேட்டுப் பாருங்க.”

அவர் உட்கார்ந்தார். அப்போதுதான் மணி கண்ணில் பட்டது. டாக்டர் கிளினிக்கைச் சாத்தும் நேரம் நெருங்கியிருந்தது. கையில் இருப்பதோ மைத்துனி சிரிக்கிற மழை. இனி புதிதாகப் பதிவு செய்ய நேரமில்லை. செருப்பு அலமாரி மனக்கண்ணில் வந்து நின்றது.

“அக்கா கூப்பிடறதுக்கு முன்னாடி மழை நல்லாத்தானே இருக்கு?” என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதை வெட்டி, ரெண்டு தடவை ஒட்டுங்க. ஒட்டு தெரியற இடத்துல உங்க மெட்டைப் போட்டு மூடுங்க. துணி பத்தலைன்னா நான் அப்படித்தான் செய்வேன்.”

வெட்டினார். ஒட்டினார். மெட்டால் மூடினார். ஒட்டு தெரியவில்லை. அவள் தைத்த கர்ட்டனும் அவர் தைத்த மழையும் ஒன்றாகவே கீழே இறங்கிப் போயின. டாக்டர் கண்ணை மூடிக் கேட்டு, “எனக்கே வாயைத் திறந்துட்டு உக்காரணும்போல இருக்கு” என்றார்.

மாலை அறைக்குத் திரும்பினார்கள். மூலையில் மேஜை. ஜன்னலோரம் மிஷின், ஸ்டூல், துணி மூட்டை, நடுவில் ஒருவர் ஒருக்களித்து நடக்கிற வழி.

“ஜெயிச்சுட்டீங்க,” என்றாள் மனைவி. “ரூம் உங்களதுதான். இனி நான் அதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்.”

சொன்னபடியே வாயைத் திறக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து, கிழிந்த தலையணை உறை ஒன்றை எடுத்து மிஷினில் வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் கைமேல் விழுந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமாக அவர் எழுந்ததிலிருந்து கிளம்பும்வரை கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருப்பாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா? அக்காவோட பேசும்போது ரெக்கார்ட் ஓடிட்டிருந்தது உனக்குத் தெரியுமா?”

“தெரியாம? அக்கா பேசினா அந்தப் பச்சைக் கோடு துள்ளுச்சு. நான் பேசினா அசையவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் மனசுவிட்டுப் பேசினேன்.”

அவள் ஊசியையும் நூல் நுனியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். அவர் குனிந்து, நூல் நுனியை உதட்டில் நனைத்து, கோக்க ஆரம்பித்தார்.