கழுதைவாலுக்கு வைத்தியம்

"டாக்டர், இன்னும் ரெண்டு விழுந்துடுச்சு," என்றார் நர்ஸ் அக்கா, தரையைப் பார்த்தபடி.

சின்ன டாக்டர் கையில் பஞ்சோடு அப்படியே நின்றார். தூசி துடைக்கத்தான் போனார். பல் கிளினிக்கின் ஜன்னலோரம் தொங்கிய அந்தச் செடிக்குக் கழுதைவால் என்று பெயர். கொழுத்த இலைகளைக் கோத்தது போல் சரம் சரமாகத் தொட்டிக்கு வெளியே இறங்கும். தொட்டாலே உதிரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

செடி பெரிய டாக்டரம்மாவுடையது. மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, "நான் வர்ற வரைக்கும் இது உங்க பொறுப்பு தம்பி. வந்ததும் உங்களைக் கூட்டாளியா சேர்த்துக்கிறதைப் பத்திப் பேசலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சின்ன டாக்டருக்குக் கை பரபரத்தது. பல் லேசாகக் கூசுகிறது என்று வந்தவரைக்கூட நாலு வேலை பார்க்காமல் அனுப்பாத மனிதர் அவர்.

"தாகமா இருக்கும்க்கா," என்று, வாய் கொப்பளிக்கும் குவளையால் தண்ணீர் ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். தண்டு அழுகிக் கொழகொழத்தது. ஈரம் காயட்டும் என்று நோயாளி வாய்க்கு மேலே எரியும் விளக்கைச் செடிப் பக்கம் திருப்பினார். ஒரு சரம் கருகியது. அதை வெட்டினார். மற்றவை நீளமாகத் தெரியவே, அவற்றையும் சமமாக வெட்டினார். மீசையைச் சரிசெய்யப் போய் மீசையே போன கதைதான்.

"விட்டுடுங்களேன் டாக்டர்."

"எப்படிக்கா விடறது? நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க!"

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"செடி எப்படி இருக்கு தம்பி?"

"ஜோரா இருக்கு மேடம்."

நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த நோயாளியின் கண்கள் மெல்லச் செடிப் பக்கம் போய்த் திரும்பின. சின்ன டாக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவியிடம்கூட அவர் இத்தனை கூசாமல் பொய் சொன்னதில்லை.

பொய்யை மெய்யாக்க ஒரே வழிதான் இருந்தது. வெட்டியதையும் உதிர்ந்ததையும் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கினார். பல் அடைக்கும் பசையைத் தொட்டு, அதை இறுக வைக்கும் நீல விளக்கைக் காட்டி, ஒவ்வொன்றாக ஒட்டினார். வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் காத்திருந்தார்கள்.

டாக்டரம்மா சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றார். நேராகச் செடியிடம் போனார். ஒரு சரத்தைத் தொட்டார்.

"அட, ஒரு இலைகூட உதிரல?"

நகத்தால் தட்டினார். கடைவாய்ப் பல்லைத் தட்டியது போல் 'டக்' என்று கேட்டது. அடுத்த நொடி சரம் முழுசாகக் கழன்று தரையில் விழுந்தது. அப்போதும் ஒரு இலை உதிரவில்லை.

சின்ன டாக்டர் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்புவித்தார். தண்ணீர், விளக்கு, கத்தரி, பசை. டாக்டரம்மா கடைசிவரை கேட்டார்.

"கூட்டு விஷயம் அப்புறம் பேசலாம் தம்பி," என்றபடி தன் அறைக்குள் போய்விட்டார். அந்த 'அப்புறம்' எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பது சின்ன டாக்டருக்குப் புரிந்தது.

"தலை நிமிர முடியலக்கா," என்றார் சின்ன டாக்டர். "ஒரு செடியைக் காப்பாத்தத் துப்பில்லாதவன்னு ஆயிட்டேன். நான் என்ன, ஒரு நாளாவது கவனிக்காம விட்டேனா?"

நர்ஸ் அக்கா குனிந்து சரத்தை எடுத்தார்.

"உங்களுக்கு முந்தி இருந்த டாக்டர்கிட்டயும் இந்தச் செடியைத்தான் குடுத்துட்டுப் போனாங்க. அவர் இப்படி ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டார் டாக்டர். அவங்க வந்து பார்த்தப்போ செடி தளதளன்னு இருந்துச்சு. அடுத்த தெருவுல இருந்த தன்னோட இன்னொரு கிளினிக்கை அவர் பேருக்கே எழுதிக் குடுத்துட்டாங்க."